குழந்தையின் இருமலும் கெமிஸ்ட் கடை மருந்தும்

டில்லியில் தீபாவளி கழிந்து முதல் பனிமூட்டம் இறங்கிவிட்டால், கரோல்பாக், ஆர்.கே.புரம், மயூர் விஹார் என்று தமிழர்கள் வாழும் பகுதிகளில் வீட்டுக்கு வீடு குழந்தைகளின் இருமல் கேட்கத் தொடங்கிவிடும். ஊரில் மார்கழிப் பனிக்கு ஒரு குல்லாய் போதும். இங்கே பனியோடு வாகனப் புகையும், காவலாளிகள் இரவில் கண்டதைக் கொளுத்திக் குளிர்காயும் புகையும் சேர்ந்துகொள்கின்றன. பிப்ரவரி கடைசி வரையில் மூக்கு ஒழுகாத பிள்ளையைப் பார்ப்பதே அரிது.

பிள்ளைக்கு இருமல் என்றால் பெரும்பாலான வீடுகளில் நடப்பது என்ன? ஆபீஸ் விட்டு வரும் தகப்பனார் பஸ்ஸிலிருந்து இறங்கியதும் தெருமுனைக் கெமிஸ்ட் கடையில் நிற்கிறார். தமக்குத் தெரிந்த இந்தியில் விஷயத்தைச் சொல்கிறார். கடைக்காரர் குழந்தையின் வயதைக் கேட்கிறார். ஒரு பாட்டிலை எடுத்து வைக்கிறார். ஐந்தே நிமிஷம். சி.ஜி.எச்.எஸ். டிஸ்பென்சரிக்குப் போனால் அரை நாள் லீவு. தினக் கூலிக்காரருக்கு அரை நாள் சம்பளம். எனவே அவரைக் குற்றம் சொல்வதும் எளிதல்ல.

இரண்டு நாளில் காய்ச்சல் தணிகிறது. மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். மீதிப் பாட்டில் அலமாரியில் ஏறுகிறது. அடுத்த மாதம் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால், "மாமி, எங்க குழந்தைக்குக் குடுத்தது பாதி பாட்டில் அப்படியே இருக்கு, தரட்டுமா?" என்று அன்போடு கைமாறுகிறது. பொடியில் தண்ணீர் கலந்து தயாரிக்கும் இந்த சிரப்புகள் பலவும் கலந்த பிறகு ஒரு வாரம், அதிகம் போனால் இரண்டு வாரம் வரைதான் தாங்கும் என்பது அட்டைப் பெட்டியிலேயே அச்சிட்டிருக்கிறது. அந்தப் பெட்டியோ முதல் நாளே குப்பைக்குப் போய்விட்டது.

இதில் என்ன கெடுதல் என்று கேட்கலாம். குழந்தைக்குத்தான் குணமாகிவிட்டதே!

குணமானது மருந்தினால்தானா என்பதே முதல் கேள்வி. குழந்தைகளுக்கு வரும் சளி, இருமல், தொண்டை வலி ஆகியவற்றில் பெரும்பாலானவை வைரஸ் எனப்படும் நுண்கிருமிகளால் வருபவை. ஆன்டிபயாடிக் மருந்துகள் பாக்டீரியாவைக் கொல்லுமே தவிர வைரஸை ஒன்றும் செய்யாது. சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறிவிட்டால் 'ஸ்ட்ராங்' மருந்து கொடுக்க வேண்டும் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதுண்டு, அதுவும் சரியல்ல. சாதாரண வைரஸ் சளியே நாலைந்து நாளில் நிறம் மாறும். மூன்றாம் நாள் தானாகத் தணிய வேண்டிய காய்ச்சல் தணிகிறது. பெயர் மட்டும் பாட்டிலுக்குப் போய்விடுகிறது.

மூக்கில் குடியிருக்கும் கிருமி

குழந்தைகளுக்கு நிமோனியா உண்டாக்கும் பாக்டீரியாக்களில் முதன்மையானது நிமோகாக்கஸ். இது எங்கோ சாக்கடையில் இருந்து வருவதல்ல. நன்றாக ஓடி விளையாடும் குழந்தைகளின் மூக்கிலும் தொண்டையிலும் எந்தத் தொல்லையும் கொடுக்காமல் குடியிருப்பது. எதிர்ப்புச் சக்தி குறைந்த ஒரு சமயம் பார்த்து நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா. ரத்தத்தின் வழியே மூளை உறைக்குப் போனால் மூளைக் காய்ச்சல்.

தேவையில்லாத ஒரு ஆன்டிபயாடிக் குழந்தையின் உடலுக்குள் போகும்போது, கொல்ல வேண்டிய வைரஸ் தப்பிவிடுகிறது. ஆனால் மூக்கில் சும்மா இருந்த இந்தப் பாக்டீரியாக்களில் மருந்துக்குப் பணியக்கூடியவை செத்துப் போகின்றன. தற்செயலாக மருந்தைத் தாங்கும் தன்மை பெற்ற சிலவே மிஞ்சுகின்றன. காலியான இடம் முழுவதும் இப்போது அவற்றின் சந்ததிக்கு. இந்தக் குழந்தை தும்மினால் தம்பிக்கு, பள்ளிக்கூட பெஞ்சில் பக்கத்துப் பையனுக்கு, ஒரே அறையில் ஐந்து பேர் படுக்கும் வீட்டில் எல்லோருக்கும் போய்ச் சேர்வது அந்தச் சந்ததிதான். அரைகுறை அளவில் மருந்து கொடுத்தாலும் இதே கதை. பாக்டீரியாக்களுக்கு இன்னொரு வித்தையும் உண்டு: மருந்தைத் தாங்கும் மரபுக் கூறை ஒன்றிடமிருந்து மற்றொன்று வாங்கிக்கொள்ளும்.

பெனிசிலினை 1928-ல் லண்டனில் கண்டுபிடித்த அலெக்சாண்டர் பிளெமிங், 1945-ல் நோபல் பரிசு பெற்றபோது ஆற்றிய உரையில் இதை முன்கூட்டியே சொல்லிவிட்டார். ஒருவர் தொண்டை வலிக்குத் தாமாகவே பெனிசிலின் வாங்கிப் போதாத அளவில் சாப்பிடுகிறார். மருந்துக்குப் பழகிய கிருமி அவர் மனைவிக்குத் தொற்றி நிமோனியாவாகிறது. பெனிசிலின் பலிக்காமல் மனைவி இறக்கிறாள் என்று ஒரு கற்பனைக் கதையாகவே விளக்கினார். பெனிசிலின் அப்போது கடைகளில் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கவேயில்லை என்பதை நினைத்தால் வியப்பாக இருக்கிறது. அவர் கதையில் வந்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொண்டைக் கிருமி மட்டும், வேடிக்கையாக, இன்றுவரை பெனிசிலினுக்கு அடங்கியே இருக்கிறது. அடங்காமல் போனவை மற்றவை.

கைவிட்டுப் போன ஒரு மருந்து

நம் நாட்டிலேயே இதற்கு ஒரு நல்ல சான்று இருக்கிறது. கோ-டிரைமாக்சசோல் என்று ஒரு மருந்து. 'செப்ட்ரான்', 'பாக்ட்ரிம்' என்றால் வயதான வாசகர்களுக்கு உடனே விளங்கும். மிக மலிவான மாத்திரை.

மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் டாக்டர் அபய் பங், டாக்டர் ராணி பங் தம்பதி 1988-ல் ஒரு முயற்சியைத் தொடங்கினார்கள். காட்டுப் பகுதி, டாக்டர் கிடையாது. எனவே கிராமத்து ஊழியர்களுக்கும், மருத்துவச்சிகளுக்குங்கூட, குழந்தை மூச்சு விடுவதை எண்ணி நிமோனியாவைக் கண்டுபிடிக்கக் கற்றுக் கொடுத்தார்கள். நூறு வரை எண்ணத் தெரியாதவர்களுக்காக மணிகளும் ஒரு நிமிஷ மணல் கடிகாரமும் வைத்த ஒரு சிறு கருவியையும் பின்னர் உருவாக்கினார்கள். நிமோனியா என்று தெரிந்தால் கொடுத்த மருந்து இந்தக் கோ-டிரைமாக்சசோல்தான். 1990-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியான முடிவின்படி, இந்த ஏற்பாடு இல்லாத பக்கத்துக் கிராமங்களைவிட இங்கே குழந்தைகளின் நிமோனியா மரணம் 54 சதவிகிதம் குறைவாக இருந்தது. எக்ஸ்ரே இல்லை, ஊசி இல்லை. ஒரு மலிவு மாத்திரை, மூச்சை எண்ணத் தெரிந்த ஒரு பாட்டி.

அடுத்து நடந்தது வருத்தமான கதை. 1993 முதல் 1997 வரை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் முன்னின்று, இந்தியாவின் ஆறு மருத்துவமனைகளில் நிமோகாக்கஸ் கிருமியைத் திரட்டிச் சோதித்தார்கள். முடிவு 1999-ல் வெளியாயிற்று. பெனிசிலினுக்கு ஓரளவு எதிர்ப்புக் காட்டியவை நூற்றுக்கு ஒன்றிரண்டே. ஆனால் கோ-டிரைமாக்சசோலுக்கு எதிர்ப்புக் காட்டியவை 56 சதவிகிதம்! பாதிக்கு மேல் போய்விட்டது. எல்லாக் காய்ச்சலுக்கும் எல்லா இருமலுக்கும் வயிற்றுப் போக்குக்கும் அதையே வாரி வழங்கியதன் பலன். உலக சுகாதார நிறுவனம் 2014-ல் வெளியிட்ட திருத்திய நெறிமுறையில், குழந்தைகளின் நிமோனியாவுக்கு வாய்வழி கொடுக்க வேண்டிய முதல் மருந்து அமாக்சிசிலின் என்று ஆகிவிட்டது.

இப்போது கையில் இருப்பது அமாக்சிசிலின். அதையும் தாண்டி டில்லிக் கெமிஸ்ட் கடைகளில் குழந்தைகளுக்குச் சர்வசாதாரணமாக எடுத்துத் தரப்படுபவை செபிக்சிம், அசித்ரோமைசின் சிரப்புகள். கொரோனா முதல் அலையின்போது, 2020 ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான நான்கு மாதங்களில் மட்டும், வழக்கத்துக்கு மேல் ஏறத்தாழ 21 கோடியே 60 லட்சம் வேளை ஆன்டிபயாடிக்குகள் இந்தியாவில் விற்றிருக்கும் என்று ஓர் ஆய்வு கணக்கிட்டது. அதில் அசித்ரோமைசின் மட்டும் சுமார் 3 கோடியே 80 லட்சம். கொரோனா ஒரு வைரஸ் நோய் என்பதை வாசகர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை.

கடைக்காரர் மட்டுமா?

கெமிஸ்ட்டை மட்டும் கூண்டில் ஏற்றுவது நியாயமாகாது. டில்லிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வல்லபபாய் படேல் மார்பு நோய் நிலையத்தின் டாக்டர் அனிதா கோட்வானி, 2007 டிசம்பர் முதல் ஓராண்டு காலம் டில்லியில் வெளிநோயாளிகளுக்கு எழுதித் தரப்படும் மருந்துகளைக் கணக்கெடுத்தார். தனியார் மருந்துக் கடைக்குச் சீட்டோடு வந்தவர்களில் 39 சதவிகிதம் பேருக்கு ஏதாவது ஓர் ஆன்டிபயாடிக் எழுதப்பட்டிருந்தது. அரசு மருத்துவ நிலையங்களில்? 43 சதவிகிதம்! ஆக, சீட்டு எழுதுகிற கையும் தாராளமாகத்தான் இருக்கிறது. இருநூறு பேர் வரிசையில் நிற்கும்போது, "இது தானாகச் சரியாகிவிடும், மூன்று நாள் பாருங்கள்" என்று விளக்க நேரம் ஏது? விளக்கினாலும், "என்ன டாக்டர் இவர், ஒரு மருந்துகூட எழுதவில்லை" என்று நாமே முகம் சுளிக்கிறோம்.

ஆகவே டாக்டரிடமே கேட்டுவிடுவது நல்லது. "டாக்டர் சாஹப், ஆன்டிபயாடிக் ஜரூரி ஹை க்யா?" இந்த ஒரு வாக்கியத்துக்கு யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

எழுதித் தந்துவிட்டால், அவர் சொன்ன அளவு, சொன்ன நாள். நாமாக முதல் நாளே நிறுத்துவதும் கூடாது, நாமாக நீட்டுவதும் கூடாது. அதிக நாள் கொடுத்தால் அதிக நன்மை என்பதும் இல்லை. இந்தியாவின் ஏழு மருத்துவமனைகளில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் நடந்த ஒரு சோதனையில், கடுமையில்லாத நிமோனியாவுக்கு அமாக்சிசிலின் மூன்று நாள் கொடுத்தாலும் ஐந்து நாள் கொடுத்தாலும் குணம் ஒன்றுதான் என்று தெரிந்தது. அது 2004-ஆம் ஆண்டு வெளியான முடிவு. எத்தனை நாள் என்பது நோயின் கடுமையைப் பொறுத்தது. அதைப் பார்த்துச் சொல்ல வேண்டியவர் டாக்டர்.

தலைநகரின் பெயர் தாங்கிய கிருமி

தெருமுனைக் கடை விஷயம் இவ்வளவு பெரிதா என்று தோன்றலாம். டில்லிக்கு இதில் வேண்டாத ஒரு புகழ் உண்டு. டில்லியில் சிகிச்சை பெற்றுவிட்டு ஸ்வீடன் திரும்பிய ஒரு நோயாளியிடம் 2008-ல் ஒரு கிருமி அகப்பட்டது. கடைசிக் கையிருப்பாக வைத்திருக்கும் கார்பபெனம் வகை ஊசி மருந்துகளையே சிதைத்துவிடும் ஒரு நொதி அதனிடம் இருந்தது. மறு ஆண்டு அதற்கு 'நியூ டெல்லி' என்று தொடங்கும் பெயரையே சூட்டிவிட்டார்கள்; சுருக்கமாக என்.டி.எம்.-1. இந்தியாவில் அது எங்கெங்கே பரவியிருக்கிறது என்பதை 2010-ல் உலகுக்குச் சொன்ன கட்டுரையின் முதல் ஆசிரியர் ஒரு தமிழர்: சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்த கார்த்திகேயன் குமாரசாமி. மத்திய அரசு கடுமையாக ஆட்சேபித்தது. ஊர்ப் பெயர் வைத்தது தவறு என்று அதை வெளியிட்ட லான்செட் இதழ்க் குழுமத்தின் ஆசிரியரும் 2011-ல் வருத்தம் தெரிவித்தார். பெயர்ச் சண்டை ஓய்ந்தது; கிருமி ஓயவில்லை. 2011-ல் வெளியான மற்றோர் ஆய்வில், டில்லி நகரில் தேங்கிய கழிவுநீரில் எடுத்த 171 மாதிரிகளில் 51-லும், குழாய்த் தண்ணீர் மாதிரி 50-ல் 2-லும் அந்த மரபுக் கூறு இருந்தது.

இதற்கு முதல் பலி பச்சிளங் குழந்தைகள். 2011 முதல் 2014 வரை டில்லியின் மூன்று பெரிய மருத்துவமனைகளில் பிறந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்பட்ட 13,530 குழந்தைகளை மருத்துவர்கள் கவனித்து, 2016-ல் முடிவை வெளியிட்டார்கள். நூற்றுக்குப் பதினான்கு குழந்தைகளுக்குக் கிருமித் தொற்று. அதிகம் கண்ட அசினெட்டோபாக்டர் என்ற கிருமியில் 82 சதவிகிதமும், அடுத்ததான கிளெப்சியெல்லாவில் 54 சதவிகிதமும் ஒன்றல்ல, பல மருந்துகளுக்கு ஒருங்கே அடங்காதவை. பிறந்து சில நாளே ஆன அந்தக் குழந்தைகள் எந்தக் கடையிலும் மருந்து வாங்கிச் சாப்பிட்டவை அல்ல.

சிவப்புக் கோடும் சிவப்புக் கட்டமும்

சட்டம் இல்லாமலில்லை. 2012-ல் டாக்டர் அப்துல் கபூர் முன்னின்று சென்னையில் கூடிய மருத்துவர்கள் 'சென்னைப் பிரகடனம்' என்ற ஒன்றை வெளியிட்டு, ஆன்டிபயாடிக் விற்பனைக்குக் கடிவாளம் வேண்டும் என்றார்கள். எல்லா மருந்துக்கும் ஒரேயடியாகத் தடை போட்டால் டாக்டர் இல்லாத கிராமத்தான் சாவான், படிப்படியாகச் செய்யுங்கள் என்று நடைமுறை அறிந்து பேசினார்கள் என்பது குறிப்பிடத்தக்கது. 2014 மார்ச் 1 முதல் 'எச்-1' என்ற புதிய அட்டவணை நடைமுறைக்கு வந்தது. இதில் உள்ள 46 மருந்துகளை விற்றால் கடைக்காரர் தனி ரிஜிஸ்தர் வைத்து, டாக்டர் பெயர், நோயாளி பெயர், கொடுத்த அளவு எல்லாம் எழுதி மூன்றாண்டு பாதுகாக்க வேண்டும். மருந்துப் பெட்டியில் சிவப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கை இருக்கும். குழந்தைகளுக்குக் கொடுக்கும் செபிக்சிம், செபோடாக்சிம் இரண்டும் இந்தப் பட்டியலில் அடக்கம். அமாக்சிசிலினும் அசித்ரோமைசினும் இதில் இல்லை. ஆனால் அவற்றையும் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்பது பழைய சட்டம். 2016 முதல் மாத்திரை அட்டையின் ஓரத்தில் சிவப்புக் கோடு இருந்தால் அது டாக்டர் சீட்டுக்கு உரியது என்று அரசு விளம்பரமும் செய்தது.

ரிஜிஸ்தரில் இருமல் குழந்தையின் பெயர் எழுதப்படுகிறதா என்று கடையில் நின்று பார்த்தவர்கள் தாங்களே பதில் சொல்லிக்கொள்ளலாம்.

மூச்சை எண்ணுங்கள்

அப்படியானால் இருமலைக் கண்டும் காணாமல் இருப்பதா? கூடவே கூடாது. 2019-ல் மட்டும் உலகில் ஐந்து வயதுக்குட்பட்ட ஏழு லட்சத்து நாற்பதாயிரம் குழந்தைகள் நிமோனியாவால் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. மருந்து தேவைப்படும் குழந்தைக்கு ஒரு மணி நேரத் தாமதமும் ஆபத்து. எது சாதாரணச் சளி, எது நிமோனியா என்று பிரித்தறிவதே காரியம். கட்சிரோலிப் பாட்டிகள் கற்றுக்கொண்டதை டில்லித் தாய்மார்களும் கற்றுக்கொள்ளலாம்.

குழந்தை அழாமல், பால் குடிக்காமல், அமைதியாக இருக்கும்போது சட்டையை விலக்கி, வயிறும் மார்பும் ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிஷம் கடிகாரத்தைப் பார்த்து எண்ண வேண்டும். இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தையானால் 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40. இந்த எண்ணிக்கையோ அதற்கு மேலோ போனால் அன்றே டாக்டரிடம் காட்ட வேண்டும். மூச்சை இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தாலும், பால் குடிக்க முடியாமல் போனாலும், எதைக் கொடுத்தாலும் வாந்தி எடுத்தாலும், உதடு நீலம் பாரித்தாலும், வலிப்பு வந்தாலும், எழுப்பினால் எழாமல் துவண்டு கிடந்தாலும் கெமிஸ்ட் கடைப் பக்கமே போகாமல் நேரே ஆஸ்பத்திரி. நடு டில்லியில் கலாவதி சரண் குழந்தைகள் மருத்துவமனையும், யமுனைக்கு அக்கரையில் கீதா காலனியில் சாசா நேரு குழந்தைகள் மருத்துவமனையும் இருக்கின்றன. இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சலோ மூச்சுத் திணறலோ எது வந்தாலும் வீட்டு வைத்தியம் வேண்டாம்.

இந்த அறிகுறி எதுவும் இல்லாத வெறும் சளி, இருமல் என்றால் தாய்ப்பால், வெதுவெதுப்பான நீர், மூக்கடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டு, காய்ச்சலுக்கு எடைக்கு ஏற்ற அளவில் பாராசிட்டமால் ஆகியவை போதும். பால்கனித் தொட்டியில் கற்பூரவல்லி வளர்க்கும் மாமிகள் பெரிய பிள்ளைகளுக்குக் கஷாயம் வைத்துக் கொடுக்கட்டும், தவறில்லை. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு மட்டும் தேன் கொடுக்கக் கூடாது. குழந்தை படுக்கும் அறையில் கரி அங்கீட்டியும் பீடி, சிகரெட்டும் ஆகா.

தடுப்பூசியில் தமிழர்கள் தவறவிடுவது

கிருமி வராமலே தடுத்துவிட்டால் மருந்துப் பேச்சே இல்லை. நிமோனியாவை உண்டாக்கும் மற்றொரு கிருமியான ஹிப் என்பதற்கு எதிரான மருந்தையும் சேர்த்த ஐந்து-நோய் தடுப்பூசியை, மத்திய அரசு 2011 டிசம்பரில் முதன்முதலாகத் தொடங்கியது தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான். பிறகே மற்ற மாநிலங்கள். நிமோகாக்கஸ் தடுப்பூசி 2017-ல் ஹிமாசல பிரதேசத்திலும் பீகார், உத்தரப் பிரதேசத்தின் சில மாவட்டங்களிலும் தொடங்கி, 2021 அக்டோபரில் நாடு முழுவதற்கும் விரிவாக்கப்பட்டது. தனியாரிடம் ஒரு வேளைக்கே ஆயிரக் கணக்கில் கேட்ட ஊசி, அரசு மையங்களில் இலவசம். மருந்துக்கு அடங்காத நிமோகாக்கஸ் இனங்களில் பலவும் இந்த ஊசி தடுக்கும் இனங்களைச் சேர்ந்தவை என்பதால் பயன் இரட்டிப்பு.

ஆறாவது வாரம், பதினான்காவது வாரம், ஒன்பதாவது மாதம் என்று மூன்று வேளை. நம்மவர்களுக்குச் சிக்கல் இங்கேதான். தலைப்பிரசவத்துக்குப் பெண் ஊருக்குப் போகிறாள். முதல் இரண்டு ஊசியும் தாய் வீட்டில் இருக்கும்போதே ஆரம்ப சுகாதார நிலையத்தில் போட்டுவிடுகிறார்கள். ஐந்தாம் மாதம் குழந்தையோடு தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஏறி டில்லி வந்துவிடுகிறாள். தடுப்பூசி அட்டை ஊரில் மாமியாரின் பீரோவில் தங்கிவிடுகிறது. ஒன்பதாம் மாத ஊசி எங்கே, யாரிடம் கேட்பது என்று தெரியாமலே குளிர்காலம் வந்துவிடுகிறது. அட்டையை ஊரிலிருந்து யாராவது வரும்போது கொடுத்தனுப்பச் சொல்லலாம். அதுவரை போனில் படம் எடுத்து அனுப்பச் சொன்னாலும் காரியம் நடக்கும். தமிழ்நாட்டில் போட்ட ஊசிக் கணக்கைத் தொடர்ந்து மூன்றாவது வேளையை டில்லியில் சி.ஜி.எச்.எஸ். டிஸ்பென்சரியிலோ, பக்கத்து அரசு மருத்துவ நிலையத்திலோ போட்டுக்கொள்ளலாம். நாள் தவறியிருந்தாலும் ஒரு வயதுக்குள் போய்க் கேட்டால் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். தடுப்பூசி நாள் எது என்பதை வட்டாரத்து அங்கன்வாடி ஊழியரைக் கேட்டால் சொல்வார்.